முதலில் குதிரை வாங்காதீர்கள்: காமிக்ஸைப் படமாக்க ஒரு சேலத்து வழிகாட்டி

முதல் விதி: குதிரையை முதலில் வாங்காதீர்கள்.

சேலத்தில் தொடங்கி ராசிபுரம், நாமக்கல் வழியாகப் பரமத்தி வேலூர் வரைக்கும் எங்கள் பக்கத்தில் கையில் நாலு காசு சேர்ந்தவருக்குப் படம் எடுக்கும் ஆசை வருவது புதிதல்ல. கோழிப்பண்ணை, லாரி, ரிக் வண்டி, ஜவ்வரிசி ஆலை என்று எந்த வழியில் வந்த காசானாலும் ஒருமுறையாவது கோடம்பாக்கத்தை எட்டிப் பார்க்காமல் அடங்காது. ஆனால் 1980களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு வரும் ஆசை தனி ரகம். 1984 ஜூலையில்தான் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஒரே சமயத்தில் கிளம்பின. முத்து காமிக்ஸ் அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே இரும்புக்கை மாயாவியோடு வந்துவிட்டது. இவற்றையெல்லாம் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்து முட்டிபோட்ட தலைமுறைக்கு இப்போது ஐம்பது வயது. கடன் அடைந்துவிட்டது. பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். சாயங்காலம் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மனசுக்குள் கௌபாய் டெக்ஸ் வில்லர் குதிரையில் வருகிறார்.

எனக்குத் தெரிந்த லாரி பாடி கட்டும் அண்ணன் ஒருவர் அப்படித்தான் ஒருநாள் போன் செய்தார். "ஏனுங்க தம்பி, நீங்க காமிக்ஸு பொட்டி பொட்டியா வெச்சிருக்கறீங்களாமா? அதுல ஒண்ண நாம படமா எடுத்தா என்னங்க? சண்டையும் இருக்கோணும், சிரிப்பும் இருக்கோணும். குதிரைய நான் பாத்துக்கறேன்." அவருக்காக எழுதிய குறிப்புகள்தான் இவை. அந்தப் பெட்டிகளில் பாதியை என் அம்மா பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டு முப்பது வருடம் ஆகிவிட்டது என்பதை அவரிடம் சொல்லவில்லை. தயாரிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்லக்கூடாது. இதை இரண்டாவது விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது மாயாவிதான். பிரிட்டனில் 1962இல் 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய தொடர் அது. லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய் இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தயாரிப்பாளர் கண்ணில் இதைவிடச் சிக்கனமான நாயகன் கிடையாது. கதாநாயகனின் கால்ஷீட் பாதி நாள் போதும். மீதி நாள் கையை நூலில் கட்டித் தொங்கவிட்டுவிடலாம். கைக்கும் பஞ்சமில்லை. இரும்பாலை இருக்கும் ஊர், பட்டறைக்குப் பட்டறை வெல்டர் இருக்கும் ஊர். அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "கையி என்ன கேஜ் தகட்டுல அடிக்கோணுங்க?" என்பதுதான்.

சிக்கல் கரண்டில் இருக்கிறது. லண்டனில் கிராண்டேல் எந்தச் சுவரிலும் விரலை வைத்தால் மின்சாரம் வரும். நம் ஊரில் வராது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் வெட்டு இருந்ததே, அப்போது மாயாவி நாமக்கல்லில் துப்பறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வில்லனின் தோட்டத்துக்குள் குதித்து, மோட்டார் ரூமுக்குப் போய், ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கி விரலை உள்ளே விடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. ஓரமாகக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தோட்டக்காரர் போர்வையை விலக்காமலே சொல்கிறார்: "த்ரீ ஃபேஸ் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வருமுங்க. அதுவரைக்கும் இப்பிடி உக்காருங்க." உலகப் புகழ் பெற்ற உளவாளி கட்டிலின் ஓரத்தில் உட்காருகிறார். தோட்டக்காரர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "தறியில மாட்டிக்கிச்சுங்களா?" என்று விசாரிக்கிறார்.

இந்தக் காட்சியை எழுதி அனுப்பியதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "இதுல மாயாவி ஒரு டயலாக் அடிக்கோணுமுங்க. கரண்டு இல்லாட்டி என்ன, என் கண்ணுலயே கரண்டு இருக்குதுன்னு" என்றார். இங்கேதான் நிறுத்தினேன். இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மாயாவிக்குத் தான் சிரிப்புப் படத்தில் நடிக்கிறோம் என்று தெரியவே கூடாது. அவருக்கு அவசரம். உலகம் அழியப்போகிறது. கரண்ட் இல்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் வந்த பேட்மேன் தொடரில் ஆடம் வெஸ்ட், எத்தனை அபத்தமான பொறியில் மாட்டினாலும் தாசில்தார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார். சிரிப்பு மொத்தமும் அந்த முகத்தில்தான்.

காமிக்ஸ் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்தில் கையை ஓங்குகிறார். அடுத்த கட்டத்தில் எதிரி மேஜைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறான், தலைக்கு மேலே 'ணங்!' என்று ஓர் எழுத்து. அடி எங்கே? இரண்டு கட்டங்களுக்கும் நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில். அந்தச் சண்டையைப் போட்டது ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி படித்த நானும் நீங்களும்தான். ஒவ்வொருவரும் அவரவர் வேகத்துக்குப் போட்டுக்கொண்டோம். சினிமாக்காரர்கள் அந்த வெள்ளைக் கோட்டைத்தான் முதலில் விலைபேசி நிரப்புகிறார்கள். சண்டைப் பயிற்சியாளர் வருகிறார், கயிறு வருகிறது, பதினொரு நிமிடம் அடிக்கிறார்கள், மண் பறக்கிறது, தலைமுடி மெதுவாக ஆடுகிறது. சண்டை கிடைத்தது, சிரிப்பு போய்விட்டது. ஓங்கிய கையைக் காட்டுங்கள். அப்புறம் சேகோ ஆலைக் களத்தில் காயப்போட்ட ஜவ்வரிசியில் மல்லாந்து கிடப்பவனைக் காட்டுங்கள். நடுவில் ஒன்றும் வேண்டாம். செலவும் மிச்சம். இந்த ஒரு யோசனையை மட்டும் அண்ணன் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்.

சண்டையைக் குறைத்த காசில் நகைச்சுவை நடிகரைப் போடலாம் என்று அவர் கேட்டதும் உண்மை. வேண்டாம். காமிக்ஸில் கதாநாயகன் ஒரு பக்கம், சிரிக்கவைப்பவர் மறுபக்கம் என்று பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. 2023இல் வந்த 'மாவீரன்' படத்தை மடோன் அஸ்வின் எப்படி எடுத்தார் என்று பாருங்கள். நாயகனே பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன். அவன் வரையும் வீரனுக்கு இருக்கும் தைரியத்தில் காலணா அளவுகூட அவனுக்கு இல்லை. மேலேயிருந்து ஒரு குரல் அவனுடைய வீரத்தை வர்ணித்து வர்ணித்து அவனை அடிதடிக்குள் தள்ளிவிடுகிறது. அவன் அலறிக்கொண்டே ஜெயிக்கிறான். சண்டைதான் அங்கே சிரிப்பு. அந்தப் படத்தில் வில்லனாக வரும் மிஷ்கின், 2012இல் 'முகமூடி' என்று தாமே ஒரு சூப்பர் ஹீரோ படம் இயக்கியவர். அதில் எல்லாரும் இறுக்கமாக இருந்தார்கள், படமும் இறுகிவிட்டது. என் கணிப்பு இது. குங்ஃபூ தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூலக் கதை சீரியஸாக இருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். ஜிம் கேரி நடித்து 1994இல் வந்த 'தி மாஸ்க்' குழந்தைகள் பார்த்துக் கைதட்டிய படம். அதற்கு மூலமான டார்க் ஹார்ஸ் காமிக்ஸைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ரத்தம். முகமூடி போட்டவன் கொலைகாரனாகத்தான் திரிவான். 1997இல் வந்த 'மென் இன் பிளாக்' படத்தின் மூலமும் இருட்டான கதைதான். ஹாலிவுட்டுக்காரர்கள் கத்தியைப் பிடுங்கிவிட்டு முழியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இந்த வித்தையை நாம் அவர்களிடம் கற்க வேண்டியதில்லை, சிவகாசியிலேயே நடந்துகொண்டிருந்தது. ஆர்ச்சி என்ற இயந்திர மனிதனை 'சட்டித்தலையன்' ஆக்கியது யார்? பிரெஞ்சுக்கார புளூபெர்ரியைக் 'கேப்டன் டைகர்' ஆக்கியது யார்? படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, வாய் மட்டும் நம் வாய். வசனம் எழுத ஆள் தேடுகிறவர்கள் கோடம்பாக்கத்தில் அலைவதற்கு முன்னால் பழைய லயன் இதழ்களின் மொழிபெயர்ப்பை ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கலாம்.

அதைச் செய்தவர் சிம்புதேவன். விகடனில் கார்ட்டூன் போட்டவர். 2010இல் வந்த அவருடைய 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படத்தின் பெயரிலேயே பாதி முத்து காமிக்ஸ் இருக்கிறது. கௌபாய் தொப்பி, தூக்குமேடை, செவ்விந்தியர், புதையல் வரைபடம் என்று லக்கி லூக் வாசகனுக்குப் பழக்கமான சாமான் அத்தனையும் உண்டு. ஊருக்குப் பெயர் ஜெய்சங்கர்புரம். நாசர் நடித்த வில்லனுக்குப் பெயர் கிழக்குக்கட்டை. அது கிளின்ட் ஈஸ்ட்வுட் என்பது அரங்கில் பாதிப் பேருக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போது உறைத்திருக்கும். நேரடியாக எந்த ஒரு புத்தகத்தின் தழுவலும் இல்லை என்பதால் உரிமைத் தொகையும் இல்லை. பெட்டி நிறையப் படித்து, பெட்டியை மூடிவிட்டு, சொந்தமாக எழுதுவது. அண்ணனுக்கு நான் பரிந்துரைத்ததும் இதைத்தான். "சிவகாசிக்காரரு நம்மாளுதானுங்க, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது" என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சிவகாசியில் இருப்பது தமிழில் அச்சடிக்கும் உரிமை. படமாக்கும் உரிமைக்குப் பாரிசிலோ மிலானிலோ கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவைத் தட்டினவர்களும் எல்லாரும் ஜெயிக்கவில்லை. இத்தாலியிலேயே 1985இல் டெக்ஸ் வில்லரைப் படமாக எடுத்தார்கள், அதோடு சரி. இரும்புக்கை மாயாவி என்ற பெயரை லோகேஷ் கனகராஜ் பல வருடமாக மனசில் வைத்துக்கொண்டு பேட்டிகளில் சொல்லிவருகிறார். அவரும் கொங்குக்காரர்தான். அவருக்கே இன்னும் த்ரீ ஃபேஸ் வரவில்லை.

ஜெய்சங்கர்புரம் என்றதும் எங்கள் ஊர்க்காரருக்கு மனசு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்காடு அடிவாரத்துச் சாலையில் இன்றைக்கும் ஒரு வளைவு நிற்கிறது. உள்ளே இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் இல்லை, வீடுகள் வந்துவிட்டன. லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம், 1930களில் அங்கே ஸ்டுடியோ போட்டு, நூற்பாலை நடத்துவதுபோல் படம் எடுத்தார். நூற்றுக்கும் மேல் படங்கள். கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே வந்து எழுதினார்கள். 1950இல் 'திகம்பர சாமியார்' படத்தில் நம்பியார் பதினொரு வேடம் போட்டார். 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்தது. சுந்தரம் 1963இல் மறைந்த பிறகு மகன் காலத்தில் 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று ஜெய்சங்கரை வைத்து வரிசையாகத் துப்பறியும் படங்கள் வந்தன. சுழலும் புத்தக அலமாரி, சுவருக்குப் பின்னால் ரகசிய அறை, மீசையை ஒட்டினால் ஆள் அடையாளம் தெரியாது என்ற உறுதியான நம்பிக்கை. இதற்குப் பெயர் காமிக்ஸ் இல்லாமல் வேறென்ன? 'கருந்தேள் கண்ணாயிரம்' 1972இல் வந்தது. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய 'கங்கா'வும் அதே 1972. முத்து காமிக்ஸில் மாயாவி அச்சானதும் அதே வருடம். மூன்றையும் ஒரே வாரத்தில் அனுபவித்த பையன் எவனாவது சேலத்தில் இருந்திருந்தால் அவனுக்குப் பரீட்சையில் மார்க் வந்திருக்காது.

ஆகவே இடம் தேடி ராஜஸ்தான் போகாதீர்கள். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் தோண்டிய மேடுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் சுண்ணாம்பு என்று நினைத்துச் சுண்ணாம்புக் குன்று என்றே பெயர் வைத்துவிட்டுப் போனான். உண்மையில் அது மேக்னசைட். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். வெயில் காலத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அங்கே நின்றால் அரிசோனாக்காரனே தலையில் துண்டு போட்டுக்கொள்வான். கோட்டை வேண்டுமென்றால் நாமக்கல்லில் ஒரே பாறைமேல் ஒன்று, சங்ககிரியில் மலை நெடுகச் சுற்றுச்சுற்றாக இன்னொன்று. அனுமதி வாங்கும் கதையைத் தனிப் புத்தகமாகத்தான் எழுத வேண்டும்.

வில்லனின் லட்சியம் பற்றி ஒரு வார்த்தை. காமிக்ஸ் வில்லன் உலகத்தை ஆள நினைப்பான். நம் பக்கத்தில் அது எடுபடாது. ஆண்டு என்ன செய்யப்போகிறான் என்று கேட்பார்கள். நாமக்கல் மண்டல முட்டை விலையைத் தினமும் காலையில் தான் ஒருவனே சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுபவனாக எழுதினேன். அதற்காகத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாற்பதைக் கடத்தி, கொல்லிமலைக்கு அடியில் துளை போடுகிறான். எதற்கென்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை. அண்ணன் மட்டும் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். "இது உலகத்த ஆள்றதவிடப் பெரிய வேலைங்க தம்பி. இவன் கெட்டவன்தானுங்க, ஆனா மூளக்காரன்."

கொல்லிமலை என்றதும் இன்னொன்று. உரிமைத் தொகையே இல்லாத நாயகன் ஒருவர் அங்கே இரண்டாயிரம் வருடமாகச் சும்மா இருக்கிறார். வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். தன் நிழலைவிட வேகமாகச் சுடுபவர் லக்கி லூக். ஐந்து பிராணிகளை வரிசையில் நிற்கவைத்த பெருமை ஓரிக்கு மட்டும்தான். அந்த உடும்பு அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று சிறு வயதிலிருந்து யோசிக்கிறேன். படம் அதன் பார்வையிலேயே தொடங்கலாம்.

புகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கௌபாய் வாயில் சுருட்டு வைத்தால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை எழுத்து ஓடும், குதிரை மறையும். லக்கி லூக்கை வரைந்த மோரிசே 1983இல் சிகரெட்டை எடுத்துவிட்டுப் புல்லை வைத்துவிட்டார். நம் நாயகனுக்கு வேப்பங்குச்சி போதும். காலையில் நடக்கும் காட்சி என்றால் நியாயமும் இருக்கும்.

கடைசியாகக் குதிரை. ஆடி மாதம் எங்கள் பக்கத்துக்காரருக்கு ஆபத்தான மாதம். கொல்லிமலையில் ஓரி விழா, ஈரோட்டில் புத்தகத் திருவிழா, அந்தியூர் குருநாதசாமி கோயிலில் குதிரைச் சந்தை, எல்லாம் முன்னே பின்னே வரும். ஈரோட்டு அரங்கில் லயன் முத்து காமிக்ஸ் வாசகர்கள் தொப்பை தொப்பையாகக் கூடி, பழைய இதழ்களின் அட்டையைத் தடவிப் பார்த்துக் கண்கலங்குவார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் பவானி வழியாக அந்தியூர் போய்விட்டால் போச்சு. அங்கே மத்தியான வெயிலில் வெள்ளைக் குதிரை ஒன்று உங்களைத் திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்க்காதீர்கள். படத்தில் குதிரை வந்தால் விலங்கு நல வாரியத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும்; கதை முடிந்து, ஆள் முடிவாகி, தேதி குறித்த பிறகு வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் சுத்தப்படி எடுத்து, பைண்டு செய்து, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் தட்டுவடை செட் ஒன்றைத் தின்றுவிட்டு, அண்ணனின் பட்டறைக்கு நேரில் கொண்டுபோனேன். பாதி கட்டிய லாரி ஒன்றின் சேசிஸில் வெள்ளைக் குதிரை கட்டியிருந்தது. வெல்டிங் பொறி தெறிக்கும்போதெல்லாம் காதை மட்டும் அசைத்தது.

"பேரு ஜாலி ஜம்பருங்க, லக்கி லூக் குதிரை பேரு" என்றார் அண்ணன். "பசங்க வாயில நொழையலிங்க. சாலின்னு கூப்புடறாங்க, திரும்புது."

குறிப்புகளை நீட்டினேன். வாங்கி, எடைபார்ப்பதுபோல் கையில் ஏந்தி, டூல்ஸ் பெட்டிமேல் பத்திரமாக வைத்தார்.

"படிச்சர்றேனுங்க. ராசிபுரத்துல ரெண்டு கல்யாணத்துக்கு மாப்பிள்ள ஊர்வலம் கேட்டிருக்காங்க, வேலூர்ல ஒண்ணு. முகூர்த்தம் முடியட்டுமுங்க, படத்த ஆரம்பிச்சரலாம்."